ரயில் சாம்பலில் ஓடு செய்த எங்கள் அம்மா

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால், இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

அம்மா பிறந்தது முகையூர்ப் பக்கம், நிலமில்லாத கூலிக் குடும்பத்தில். மணமாகி விழுப்புரம் வந்தார்கள். ரயில் எஞ்சின்கள் கொட்டும் சாம்பலைக் கிளறி, அரைகுறையாய் எரிந்த கரியைப் பொறுக்கி விற்று எங்களை வளர்த்தார்கள். அப்பா காலமானபின் திண்டிவனத்தில் ஓட்டுச் சூளையில் மண் மிதிக்கச் சேர்ந்தார்கள்.

அங்கே ஏரி மண்ணில் பசை அதிகம். ஓடு காயும்போதே விரிசல் விடும்.

"ரயில் சாம்பலச் சலிச்சுக் கலந்து பாக்கலாங்க, வெடிக்காது" என்று அம்மா முதலாளியிடம் சொன்னார்கள்.

"இன்னாம்மா, ஓடு சுடப்போறியா, பல்லு வெளக்கப்போறியா?" என்று மேஸ்திரி சிரித்தார்.

ஆனாலும் முதலாளி விழுப்புரத்திலிருந்து சாம்பல் வரவழைத்தார். விரிசல் நின்றது.

பிறகுதான் அம்மா ஒரு தவறு செய்தார்கள். கரித்துண்டுகளைப் பொறுக்காமல் சாம்பலோடு கலந்துவிட்டார்கள். கரி ஓட்டுக்குள்ளேயே எரிந்தால் விறகு மிச்சமாகும் என்று நினைத்தார்களாம். சூளையைப் பிரித்தபோது ஓடுகள் அப்பளம்போல் உப்பி, பொத்தலாய்க் கிடந்தன.

மேஸ்திரி, தீ போடும் கோவிந்தன் மேல் பாய்ந்தார். "தூங்கிக்கினு நெருப்ப ஏத்திட்ட. ஜல்தி மூட்டையக் கட்டு!" கோவிந்தன் வீட்டில் அப்போது மூன்று சிறுபிள்ளைகள். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அம்மா ஓர் ஓட்டை உடைத்து, உள்ளே கறுத்திருந்ததைக் காட்டினார்கள். "அவரு மேல தப்பில்லீங்க. கரியப் பொறுக்காம வுட்டவ நானு. அனுப்பறதுனா என்ன அனுப்புங்க."

அப்படியே அம்மாவை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் அம்மா மல்லாட்டைக் கொல்லைகளில் கடலை பிடுங்கப் போய்த்தான் என் படிப்பு நின்றுபோகாமல் பார்த்துக்கொண்டார்கள். சூளையிலோ, வேறு ஆட்கள் சாம்பலைச் சலிக்காமல் அள்ளிக் கொட்டியதில் ஓடுகள் மறுபடி வீணாயின. கடைசியில் முதலாளியே அம்மாவைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

அம்மா சூளைக்குத் திரும்பியதும் கேட்டது கூலியை அல்ல, மூலையில் குவிந்திருந்த அந்தப் பொத்தல் ஓடுகளை. "இடிச்சுத் தூளாக்கிக் குடுங்க, இதுவும் மண்ணுல சேரும்" என்றார்கள். சேர்ந்தது. குவியல் தீர்ந்து தரை தெரிந்தது.

அம்மா காய்ச்சலில் கிடந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்த சூளைப் பெண்களுக்கும், மருந்து தந்த வைத்தியர் ஐயாவுக்கும், இறுதிவரை உடன் நின்ற உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கோவிந்தன்தான் வண்டி கட்டி அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவருக்கும் நன்றி எழுதப்போகிறேன் என்றேன். "எனுக்கு இன்னாத்துக்குடா நன்றி? அன்னிக்கு உங்கம்மா வாயத் தொறக்கலன்னா, நான் புள்ளைங்கள இட்டுக்கினு எந்த ஊர்ல சுத்தினு இருப்பனோ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆகையால் நன்றிப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்கவில்லை. இம்மலரை வெளியிடும் குடும்பத்தார் வரிசையில், அவரை எங்கள் தாய்மாமன் என்று எழுதியிருக்கிறேன்.