கடைசி பெஞ்சில் ஒரு டஸ்டர்

எங்கள் கல்லூரியில் அவருக்கு வைப்பர் என்று பெயர். மாணவர்கள் ஆசிரியர்களுக்கு வைக்கும் பெயர்களில் பாதி வெறும் வயிற்றெரிச்சல். மீதிப் பாதி துல்லியமான ஆய்வறிக்கை. இது இரண்டாவது வகை. வலது கையால் எழுதுவார், இடது கையால் அழிப்பார், இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். ஆறாவது வரியை எழுதும்போது முதல் வரி போய்விட்டிருக்கும். பெயருக்கு என்ன காரணம் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்.

நானும் கணக்கு ஆசிரியைதான். பதினேழு வருஷமாக ஆசிரியர் அறையில் எங்கள் இருவருக்கும் ஒரே மேஜை. அவர் பக்கத்து இழுப்பறையில் சாக்பீஸ் பெட்டி, இருமல் மாத்திரை, அட்டை போட்ட நோட்டு ஒன்று. அந்த நோட்டில் இரண்டாம் பருவத்துக் கணக்குப் பாடம் ஐந்து யூனிட்டும் நாள் வாரியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கும். எந்தத் தேதியில் எந்தக் கணக்கு என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவார். கல்லூரியில் யார் போர்ஷனை முடித்தார்களோ இல்லையோ, அவர் முடித்துவிடுவார்.

அந்த அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அவர் படித்த காலத்தில் ஓர் ஆசிரியர் கடைசி யூனிட்டை நடத்தாமலே விட்டுவிட்டாராம். பரீட்சையில் அதிலிருந்துதான் பாதிக் கேள்வி. இவர் தோற்றார், ஒரு வருஷம் போயிற்று. அப்போது இவருடைய அக்கா காலுறைத் தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்று இவரைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். "போனது என் வருஷம் இல்ல மேடம், எங்க அக்காவோட வருஷம்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். தன் பிள்ளைகளில் ஒருவருக்கும் அப்படி ஆகக் கூடாது என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். முடிவு நல்லதுதான். ஆனால் அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாதே.

அவர் மனைவி ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறார். ஒருநாள் வழியில் பார்த்தபோது, வீட்டிலும் இதே கதைதான் என்று சிரித்தார். தான் கடைசி வாய் வைப்பதற்குள் கணவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவிடுவாராம். "இருபத்திரண்டு வருஷமா நான் வயிறார சாப்பிட்டதா ஞாபகமே இல்ல" என்றார்.

புதிய பிரின்சிபால் வந்தபோது கதை சூடு பிடித்தது. எங்களைவிடப் பத்து வயது இளையவர், வந்த வேகத்தில் ஒரு படிவம் அச்சடித்தார். ஒவ்வோர் ஆசிரியரும் இன்னோர் ஆசிரியரின் வகுப்பில் கடைசி பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததை எழுதித் தர வேண்டும். நாங்கள் என்ன செய்தோம் என்றால், எல்லோரும் எல்லோருக்கும் 'மிகச் சிறப்பு' என்று எழுதிக் கொடுத்தோம். பலர் வகுப்புக்குப் போகவேயில்லை, டீ குடித்துக்கொண்டே எழுதினார்கள். நான் போனேன். எனக்கு வந்தது வைப்பருடைய வகுப்பு.

கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் மெலிந்த ஒரு மாணவி உட்கார்ந்திருந்தாள். மூன்று வரி எழுதினாள். நிமிர்ந்தபோது போர்டில் நான்காவது வரி இல்லை. அலட்டிக்கொள்ளாமல் நாலு வரிக்கு இடம் விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதினாள். பரீட்சைக்கு முன்னால் பக்கத்து நோட்டைப் பார்த்து நிரப்பிக்கொள்ளலாம் என்றாள். பக்கத்து நோட்டை எட்டிப் பார்த்தேன். அதிலும் அதே இடத்தில் அதே நாலு வரி காலி. அவர் திரும்பிப் பார்த்துப் புரிந்ததா என்று கேட்டார். அறுபது குரலும் ஒன்றாகப் புரிந்தது சார் என்றன. எது புரியவில்லை என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

நான் படிவத்தில் 'மிகச் சிறப்பு' என்று எழுதினேன். என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இருபத்தோரு நாள் என் வகுப்புகளையும் சேர்த்து எடுத்தவர் அவர், யாரிடமும் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. அவரைப் பற்றி எப்படி எழுதுவேன்? பூனைக்கு நான்தான் மணி கட்ட வேண்டுமா? இப்படியெல்லாம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குத் தைரியமில்லை.

அந்தப் பருவத்தின் முடிவு வந்தது. அறுபது பேரில் பத்தொன்பது பேர் தேர்ச்சி. பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டார், அதே துறை என்று என்னையும் கூப்பிட்டார். அவர் பதற்றப்படாமல் சட்டைப் பையிலிருந்து என் படிவத்தின் நகலை எடுத்து மேஜைமேல் விரித்து, "குறை இருந்தா மேடம் எழுதியிருப்பாங்க சார். பொய் எழுதற ஆள் இல்ல அவங்க" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரின்சிபால் படிவத்தைப் படித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, அடுத்த பேட்சில் பாதிப் பேர், அதாவது முப்பது பேர், தேறாவிட்டால் பாடம் கைமாறும் என்றும், அவர் தேர்வுப் பிரிவுக்குப் போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். தேர்வுப் பிரிவு என்றால் ஹால் டிக்கெட்டுக்கு முத்திரை குத்தும் இடம். வகுப்பறைக்கு வெளியே அந்த மனிதரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவராலும் முடிந்திருக்காது.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் சொல்லிவிட்டேன்.

"சார், நான் எழுதினது பொய். நீங்க எழுதறதை யாராலும் எழுதிக்க முடியறதில்ல. அதுக்குள்ள அழிச்சிடறீங்க."

"எத்தனை நாளா?"

"நான் பார்த்தது இந்த வருஷம்தான். பசங்க சொல்றது ரொம்ப நாளா."

பஸ் வந்தது. அவர் ஏறவில்லை, நடந்தே போனார். நாலு நாள் என்னோடு பேசவில்லை. ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு நாலு நாள் பேசாமல் இருந்து பாருங்கள், அப்போது தெரியும். இருமல் மாத்திரையைக்கூட வேறு யாருக்கோ நீட்டினார்.

ஐந்தாம் நாள் மேஜைமேல் பதினொரு நோட்டுகள் இருந்தன. தேறாத பழைய மாணவர்களிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் விரித்து வரிசையாக வைத்தார். பதினொன்றிலும் ஒரே இடத்தில் காலி. ஒரு நோட்டில் மட்டும் அந்தக் காலியிடத்தில் யாரோ சின்னதாக ஒரு பஸ் படம் வரைந்திருந்தார்கள். அவர் அந்தப் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "போர்ஷனை முடிச்சிட்டேன் முடிச்சிட்டேன்னு குதிச்சிட்டிருந்தேன் மேடம்" என்றார். அவர் கண் கலங்கியதைப் பார்த்து எனக்கும் கலங்கிவிட்டது.

புதிய பேட்ச் வந்த முதல் நாள், அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் டஸ்டரைக் கொண்டுபோய்க் கடைசி பெஞ்சில் ஒரு மாணவியின் கையில் கொடுத்தார். கடைசி பெஞ்சில் எல்லோரும் எழுதி முடித்த பிறகுதான் அவள் அதை எடுத்து வந்து போர்டை அழிக்க வேண்டும், தான் தொடவே மாட்டேன் என்றார். முதல் வாரம் அவர் இடது கை பழக்கதோஷத்தில் போர்டுப் பக்கம் போய்ப் போய்த் திரும்பியதாம். ஒருநாள் சட்டைக் கையாலேயே அழித்துவிட்டு, வகுப்பு முழுக்கச் சிரிக்க, தானும் சிரித்திருக்கிறார்.

போர்டு நிரம்பியதும் டஸ்டர் வரும்வரை அவருக்குச் செய்ய வேலை இல்லை. சும்மா நிற்கத் தெரியாத மனுஷர், பெஞ்சுகளுக்கு நடுவில் நடக்க ஆரம்பித்தார். நடந்தபோதுதான் பிள்ளைகள் எழுதுவதை முதல்முறையாகப் பார்த்தார். யாருக்கு எந்த வரியில் சிக்குகிறது, யார் கூட்டலிலேயே தடுக்கி விழுகிறார்கள், யார் புரியாமலே அழகான கையெழுத்தில் காப்பி அடிக்கிறார்கள் எல்லாம் கண்ணில் பட்டன. சில நாள் ஒரே கணக்கோடு மணி அடித்துவிடும். ஆசிரியர் அறைக்கு வந்து அதைப் பற்றியே பேசித் தீர்ப்பார், எனக்குக் காது வலிக்கும். ஆனால் அட்டை போட்ட நோட்டில் தேதிகள் தள்ளிக்கொண்டே போயின. பதறாத காரியம் சிதறாது என்று நான் தேற்றினேன். பாடத்திட்டம் போட்டவர்களுக்கு அந்தப் பழமொழி தெரியாது என்றார் அவர்.

ஐந்தாவது யூனிட் நடக்கவேயில்லை. சனிக்கிழமைகளில் வகுப்பு வைத்துப் பார்த்தார், அப்படியும் நாலோடு நின்றது. எந்த யூனிட்டால் அவர் ஒரு வருஷத்தை இழந்தாரோ, அதையே தன் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டாரே என்று அவர் அந்த மாதம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மனைவி சொன்னார். இந்த முறை தட்டை எடுத்தது மனைவிதானாம்.

அந்த பேட்சில் இருபத்தேழு பேர் தேறினார்கள். பத்தொன்பதிலிருந்து இருபத்தேழு என்று நான் வாதாடினேன். முப்பது என்றால் முப்பது என்றார் பிரின்சிபால். சொன்ன சொல்லை மாற்றினால் அடுத்தவரிடம் எப்படிக் கேட்பது என்றும் சொன்னார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் எரிச்சல். எங்கள் வைப்பர் இழுப்பறையைக் காலி செய்துகொண்டு கீழே தேர்வுப் பிரிவுக்குப் போனார். தோற்ற முப்பத்து மூன்று பேருக்கும் மாலை நான்கு மணி ரிப்பீட் வகுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் நாள் போர்டு நிரம்பியதும் டஸ்டரைத் தேடினேன். மேஜையில் இல்லை. கடைசி பெஞ்சில், அவர் டஸ்டரைக் கொடுத்திருந்த அந்த மாணவி அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு பேர் எழுதறாங்க மேடம்" என்றாள்.

அவள் குரலில் திமிரும் இல்லை, பயமும் இல்லை. பஸ்ஸில் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு முகம் சிவந்தது. தோற்றுப்போன பிள்ளைகள், ஆனாலும் வகுப்பு தங்களுடையது என்று தெரிந்த பிள்ளைகள். முதல் நாலு யூனிட்டிலிருந்து எதைக் கேட்டாலும் முக்கால்வாசிப் பேர் போட்டார்கள். ஐந்தாவது மட்டும்தான் வெள்ளைத் தாளாக இருந்தது.

மறுநாள் தேர்வுப் பிரிவுக்குப் போய், முத்திரையும் கையுமாக இருந்தவரிடம் ஒரு வெற்றுப் படிவத்தை நீட்டினேன். வியாழக்கிழமை என் வகுப்பில் உட்கார்ந்து, மறைக்காமல் எழுதித் தர வேண்டும் என்றேன். வந்தார். கடைசி பெஞ்சில் அந்த மாணவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த வியாழனும் வந்தார், அதற்கடுத்ததும். யாருக்காவது சிக்கினால் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் வியாழன் படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

'கேள்வி கேட்கிறார். பதில் வரும் முன் தானே சொல்லிவிடுகிறார். இந்த மூன்று வகுப்புகளில் மாணவர் ஒருவரும் பதில் சொல்லி நான் கேட்கவில்லை.'

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், இவர் எனக்குச் சொல்ல வந்துவிட்டார் என்று பொருமினேன். அவர் என்னோடு பேசாமல் இருந்தது நாலு நாள், நான் ஆறு நாள். ஏழாம் நாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் எண்ணினேன். பன்னிரண்டு வந்தபோது கடைசி பெஞ்சிலிருந்து டஸ்டர்காரி பதில் சொன்னாள். பாதி சரி. மீதிப் பாதியை முன் பெஞ்சு ஒன்று திருத்தியது. அன்று இறங்கிப் போய் அவரிடம் நடந்ததைச் சொன்னேன். பன்னிரண்டு கொஞ்சம் கம்மிதான் என்றார்.

ரிப்பீட் பரீட்சையில் முப்பத்து மூன்றில் இருபத்தெட்டுப் பேர் தேறினார்கள். டஸ்டர்காரியும் தேறிவிட்டாள். முடிவுப் பட்டியலுக்கு முத்திரை குத்தி அவரே மாடிக்கு எடுத்து வந்தார். அதில் 'பாடம் நடத்தியவர்' என்ற இடம் காலியாக இருந்தது. நான் அவர் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

பிரின்சிபால் கூப்பிட்டார்.

"பேர் மாறியிருக்கே மேடம்."

"மாறலை சார். நான் நடத்தினது ஒரே ஒரு யூனிட். மத்த நாலும் அவர் நடத்தினது. போன தடவை படிவத்துல பொய் எழுதினேன். இது பொய் இல்ல."

பிரின்சிபால் பட்டியலை மடித்து இழுப்பறையில் வைத்தார். பார்க்கலாம், நீங்கள் போகலாம் என்றார். அந்த வாரம் முழுக்க நோட்டீஸ் போர்டைப் பார்த்துக்கொண்டே போய்வந்தேன்.

திங்கட்கிழமை புதிய கால அட்டவணையை ஒட்டினார்கள். இரண்டாம் பருவக் கணக்குக்கு எதிரே இரண்டு பெயர்கள் இருந்தன. முதல் நாலு யூனிட் அவருக்கு, ஐந்தாவது எனக்கு. அவர் விரலை வைத்து மூன்று தடவை படித்தார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, கடைசி யூனிட்டுக்கு இனிமேல் ஆள் இருக்கிறது என்று சொன்னார். இழுப்பறையில் சாக்பீஸ் பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டு, என் பக்கத்திலிருந்த டஸ்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மணி அடிக்க இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.