மாமா இறங்காத தண்ணீர்

எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷமானாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் யாராவது ஒருவர் மாமாவின் வாத்து வேட்டையை எடுத்துவிடுவார்கள். ஐஸ் தண்ணீரில் குதித்தவன் கிள்ளைப் பக்கத்துக் குட்டையில் முழங்கால் தண்ணீருக்குப் பயந்தான் என்று முடிப்பார்கள். எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். அன்றைக்கு அங்கே இருந்தது அப்பா, மாமா, நான். மற்றவர்களெல்லாம் வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறவர்கள்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கஜகஸ்தானில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வெல்டர் வேலை பார்த்துவிட்டு லீவில் சிதம்பரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்ட்டும் கம்பளியும் கொண்டுவருவார்கள். இவர் பெட்டியைத் திறந்து நான்கு பிளாஸ்டிக் வாத்துகளை எடுத்துத் தரையில் வைத்தார். அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. பச்சைத் தலை வாத்தை அப்போதே எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

அதெல்லாம் வேட்டைக்கான பொம்மைகளாம். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் வெள்ளைக்கார மேனேஜர் இவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போவாராம். பொம்மைகளை நூலில் கல் கட்டி மிதக்க விடுவது மாமாவின் வேலை. பிறகு இருவரும் நாணலுக்குள் படுத்துக்கொள்ள, மேனேஜர் வாத்து மாதிரியே ஊதல் ஊதுவார். மேலே பறக்கும் கூட்டம், கீழே நம் சனம் இருக்கிறது என்று நம்பி இறங்கும். மேனேஜர் சுடுவார். விழுந்ததை மாமா தண்ணீருக்குள் போய் எடுத்துவருவார். கரையோரத்து ஐஸ் காலடியில் கண்ணாடிச் சில்லாக உடையும், கரை ஏறியதும் கால் என்னுடையதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிச் சிரிப்பார். மேனேஜருக்கு ஒரு நாயும் உண்டு. அது கம்பளி போர்த்திக்கொண்டு ஜீப்பிலேயே உட்கார்ந்திருக்கும். கதையில் எனக்கு அந்த நாயைத்தான் ரொம்பப் பிடித்தது.

அப்பாவுக்குப் பிடித்தது மேனேஜரை. ஏனென்றால் மாமா, இனி அங்கே போகப்போவதில்லை என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். காரணம் கேட்டால் குளிர் என்பார். சொந்த ஊரான கம்மாபுரத்தில் அவர் கட்டிக்கொண்டிருந்த வீடு கூரை இல்லாமல் லிண்டல் மட்டத்தில் நின்றது. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று சொல்லிப் பெண்ணும் பேசி வைத்திருந்தார்கள். மேனேஜரே வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிற அளவுக்கு மரியாதை, அதைக் குளிருக்குப் பயந்து விடுவானா என்று அப்பா அம்மாவிடம் பொரிந்து தள்ளினார்.

காணும் பொங்கலன்று, திருவிழாவில் பலூன் சுடவைக்கும் கடைக்காரரிடம் துப்பாக்கியை இரவல் வாங்கிவந்தார் அப்பா. மைத்துனனின் வித்தையைப் பார்த்துவிடுவது என்று முடிவு. பெண்பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்றார். நான் பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முடிந்தால் இறக்கிப் பார்க்கட்டும் என்றுதான்.

கிள்ளைக்குப் போகும் வழியில், அறுத்துப்போட்ட வயலை ஒட்டி ஒரு குட்டை. மாமா கரையில் நின்றபடியே பொம்மைகளை வீசி மிதக்கவிட்டு வந்தார். மூவரும் வரப்புக்குப் பின்னால் படுத்தோம். மாமா கையைக் குவித்துக் குரல் கொடுத்தார். அப்பா வாயைப் பொத்திச் சிரித்தார்.

ஆனால் வாத்துகள் வந்தன. இதை மட்டும் யாரும் சொல்வதில்லை. ஒரு சின்னக் கூட்டம் குட்டையை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, காலைத் தொங்கவிட்டபடி தாழ்ந்து வந்தது. எறங்கட்டும் மச்சான் என்று மாமா முணுமுணுத்தார். அப்பாவுக்குப் பொறுமை ஏது? சுட்டுவிட்டார். கூட்டம் கலைந்து மேலே போய்விட்டது. குண்டு என் பச்சைத் தலை வாத்தின் அடியில் பட்டு, நூல் அறுந்து, அது ஒருபக்கமாகச் சாய்ந்து நடுக்குட்டைக்கு நகர ஆரம்பித்தது.

அப்பா துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மேனேஜர் தோரணையில் கையை நீட்டினார்.

"ம், ஓடு மாப்ள. போயி எடுத்துட்டு வா."

விளையாட்டாகத்தான் சொன்னார். மாமா எழுந்து நின்றார். ஆனால் நகரவில்லை.

"போவ மாட்டன்."

"முழங்கா தண்ணிடா. ஐஸ்ல குதிச்சவன்தான நீ?"

"சுட்டது நீங்க மச்சான். நீங்களே போயி எடுங்க. இனிமே எவன் சுட்டதயும் நான் போயி எடுக்க மாட்டன்."

அப்பா வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிற மாமா அவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வாத்து மூழ்கிக்கொண்டிருந்தது. இவர் போகாவிட்டால் நான் போகிறேன் என்று பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் காலை வைத்தேன். மாமா என் கையைப் பிடித்து இழுத்துவிட்டார்.

"நீயும் போவாத பாப்பா. யாரு சொன்னாலும் போவாத."

நான் அழுதேன், திமிறினேன். அவர் விடவே இல்லை. அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துப்பாக்கியை வரப்பில் வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, சேற்றில் தடுமாறிப் போய் அவரே எடுத்துவந்தார்.

மாமா கஜகஸ்தானுக்குத் திரும்பவே இல்லை. பெண் வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். கம்மாபுரத்திலேயே கிரில் பட்டறை போட்டார். வீட்டுக்குக் கூரை போடப் பல வருஷம் ஆயிற்று. பிழைக்கத் தெரியாதவன் என்று இன்றும் சொல்கிறார்கள். சொல்லட்டும். அவர் மாதிரி முகத்துக்கு நேராக 'முடியாது' என்று சொன்ன ஒருவரை இந்தக் குடும்பத்தில் நான் பார்த்ததில்லை.

அன்று திரும்பும்போது அடியில் ஓட்டை விழுந்த வாத்தை மடியில் வைத்துக்கொண்டு பைக்கில் உட்கார்ந்திருந்தேன். மாமாவின் மீது எனக்குக் கோபம்தான். ஆனாலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், அந்த நாய் ஏன் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை என்று கேட்டேன்.

"அந்தக் குளுருல தண்ணியில எறக்குனா நாய் செத்துப்பூடும்ல பாப்பா," என்றார் மாமா.

அந்த மேனேஜருக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.