பெட்டிக்குக் கட்டிய டின்கள்

அறுபதுகளின் கடைசியில் நடந்தது இது. காஞ்சிபுரத்தில் என் கணவர் பட்டு நெய்துகொண்டிருந்தார். தன் தங்கையின் முகூர்த்தப் புடவையை அவரே நெய்தார். மாப்பிள்ளை ஊர், பழவேற்காடு ஏரிக்கு நடுவே ஒரு தீவு. பாய்மரப் படகில் பாதி நாள் பயணம். புடவையை நாங்கள் இருவரும் முன்னதாகக் கொண்டுபோவதாக ஏற்பாடு.

தண்ணீரில் என்னென்ன ஆகலாம் என்று அவர் யோசிக்காதது ஒன்றுமில்லை. புடவையை மெழுகுத் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார். படகு கவிழ்ந்தாலும் பெட்டி மிதக்கட்டும் என்று, காலி மண்ணெண்ணெய் டின்கள் இரண்டின் வாயை அடைத்துப் பெட்டியின் இருபுறமும் கட்டினார்.

"நமக்கும் ரெண்டு எடுத்துக்கலாமேங்க" என்றேன்.

"நாம நனைஞ்சா காய்ஞ்சுக்கலாம்மா. பட்டு நனைஞ்சா சாயம் கலங்கிடும். ஏரில இடுப்பளவு தண்ணிதான் இருக்குதாம்" என்று சிரித்தார்.

முகத்துவாரத்தருகே காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. அங்கே நல்ல ஆழம். இருவருக்கும் நீச்சல் தெரியாது. மிதந்த பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, "பெட்டிய உடாதம்மா! உடாத!" என்று கத்தினார். நான் கேட்ட அவருடைய கடைசிக் குரல் அது.

மீனவர்கள் என்னைக் கரை சேர்த்தார்கள். பட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை.

இப்போது எங்கள் வீட்டார் யார் படகு ஏறினாலும், ஆளுக்கொரு காலி டின் கட்டிய பிறகே ஏற விடுகிறேன். கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

அவர் விடாதே என்றது புடவைக்காகவா, எனக்காகவா?

"உங்கள காப்பாத்தத்தான் அண்ணி" என்கிறாள் நாத்தனார். நானும் தலையாட்டி வைக்கிறேன்.