கல் என்று குறித்த இடம்

தையல்நாயகி அக்காவுக்குக் கடல் தெரியாது. மெரினாவில் கணுக்கால் நனைய நின்றதோடு சரி. படகில் ஏறியதில்லை, நீச்சலும் வராது. ஆனால் ஆறாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு குளிர்ந்த கடலின் அடித்தரையை அவளைப் போலப் பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் ஆபீசில் ஒருவரும் இல்லை. அவளைப் பற்றி எழுத எனக்கு அருகதை கிடையாது. வேறு யாரும் எழுதப் போவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

பீர்க்கன்கரணை ஏரிக்குக் கீழே அவள் அப்பா அரிகிருஷ்ணனுக்கு நஞ்சை இருந்தது. நஞ்சை மனையாகி, மனை வீடாகி, இப்போது மாதம் பிறந்தால் வாடகை வருகிற குடும்பம். கணவர் சக்திவேலுக்கு ஜல்லி, மணல் வியாபாரம். அக்கா தாம்பரத்தில் புவியியல் படித்தவள். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிவிட்டு முப்பத்தெட்டு வயதில் வேலைக்கு வந்தாள். வீட்டில் ஒருவருக்கும் அது பிடிக்கவில்லை. "வாடகையே வருது, நீ இன்னாத்துக்குப் பஸ்ல தொங்கிகினு போறே?" என்று கணவர் நாள் தவறாமல் கேட்பாராம்.

அதற்கு அவள் சொன்ன பதிலை ஒருநாள் சாப்பிடும்போது எங்களிடம் சொன்னாள். "வூட்ல நான் அரிகிருஷ்ணன் பொண்ணு, சக்திவேல் சம்சாரம். ஆபீஸ்ல மட்டும்தான் தையல்நாயகி. அத்த வுட்டுட்டு வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போறேன்?"

நாங்கள் சிரித்தோம். கீழ்க்கட்டளை, மேடவாக்கம் பக்கத்துக் காலனிகளிலிருந்து வந்த நாங்கள் எட்டுப் பேரும் அவள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பது வழக்கம். சிரித்துவிட்டு, வேலையில் சிக்கல் வந்தால் அவளிடம்தான் ஓடுவோம்.

வேலை இதுதான். இரண்டு நாடுகள் மூன்று வருடம் அடித்துக்கொண்டன. ஒருவர் துறைமுகத்தை மற்றவர் அடைக்க, கடல் முழுக்கக் கண்ணிவெடி போட்டார்கள். பிறகு தலைவர்கள் கை குலுக்கி, போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வெடிகள் அடியிலேயே கிடந்தன. அவற்றைத் தேடி ஒரு கப்பல், வயலில் ஏர் ஓட்டுவதுபோல, அந்தக் கடலில் இப்படியும் அப்படியுமாகப் போய் வரும். ஒலியை அனுப்பித் தரையைப் படம் பிடிக்கும்; மேட்டுக்குப் பின்னால் ஒலி படாத இடம் நிழலாக விழும். அந்தப் படங்கள் பள்ளிக்கரணையில் மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் கம்ப்யூட்டர்களுக்கு வரும்.

படத்தில் தெரியும் ஒவ்வொரு மேட்டையும் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். பிறகு ‘கல்’, ‘குப்பை’, ‘சந்தேகம்’ என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். சந்தேகம் என்று போட்டால் ஒரு இயந்திரம் அடியில் இறங்கிப் பார்த்து, வெடியாக இருந்தால் அங்கேயே அழிக்கும். கல் என்று போட்டால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள். அந்த இடத்தை மீனவர்களுக்குத் திறந்துவிடுவார்கள்.

"மேட்டப் பாக்காத, அதோட நெயலப் பாரு" என்று அக்கா எனக்குச் சொல்லித் தந்தாள். "கல்லுன்னா நெயலு பிசிறு பிசிறா கீது பாரு. மனுசன் செஞ்சதுன்னா எங்கனா ஒரு எடத்துல நேர்கோடு வந்துடும்." நாங்கள் அரை நிமிடத்தில் தள்ளிவிடும் படத்தை அவள் ஐந்து நிமிடம் பார்ப்பாள். பார்க்கும்போது உதடு லேசாக அசையும்.

வெளிநாட்டுக் கம்பெனி எங்களுக்கு ஒரு தேர்வு வைத்தது. ஒன்பது பேரில் தேறியவள் அக்கா மட்டும். தேறியவர் பார்த்துக் குறித்தால்தான் செல்லும் என்பது ஒப்பந்தம். எங்கள் மேனேஜர் ஸ்டெபின் சாருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா? அக்காவின் ஒரே ஐடி, ஒன்பது பேர் என்று முடித்துவிட்டார். "ஜஸ்ட் டெம்பரரி. அடுத்த எக்ஸாம்ல எல்லாரும் கிளியர் பண்ணிடுவீங்க."

அக்கா இரண்டு நாள் தயங்கினாள். பிறகு பாஸ்வேர்டை ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதிக் கொடுத்தாள். "டவுட்னு பட்டா என்னியக் கூப்டணும். அதான் கண்டிசன்" என்றாள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டு யாரிடமும் கொடுக்காத குடும்பத்துப் பெண், தன் பெயரைத் தூக்கி எட்டுப் பேர் கையில் கொடுத்தாள். அவள் செய்த தவறு அது ஒன்றுதான்.

முதல் இரண்டு மாதம் ஒழுங்காகத்தான் கூப்பிட்டோம். அப்புறம் மேலேயிருந்து உத்தரவு வந்தது. ஒவ்வொரு சந்தேகத்துக்கும் கப்பல் அரை நாள் நிற்க வேண்டியிருக்கிறது, இனி நூறு படத்துக்கு ஐந்துக்கு மேல் சந்தேகம் போடக்கூடாது என்றார்கள். கடலுக்கு அடியில் எத்தனை வெடி கிடக்கலாம் என்பதை ஆபீசில் உட்கார்ந்து தீர்மானித்த புத்திசாலி யார் என்று இன்றுவரை தெரியாது. அக்காவைக் கூப்பிட்டால் பாதிக்குப் பாதி "சந்தேகம்னு போடு" என்பாள். அதனால் அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினோம். யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. தானாகவே நின்றுபோனது.

அந்த வியாழக்கிழமை அக்கா லீவு. அப்பா ஒரு மனையை விற்றார். வாரிசு என்ற முறையில் அவளும் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. என்னுடைய ஐந்து சந்தேகமும் காலையிலேயே தீர்ந்துவிட்டது. மதியம் இரண்டே முக்காலுக்கு ஒரு படம் வந்தது. நீளமான மேடு. நிழலின் ஒரு ஓரம் நேராக இருந்தது. நான் கவனிக்கவில்லை என்று புளுக மாட்டேன், கவனித்தேன். அக்காவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போட்டால் என்ன சொல்வாள் என்று தெரிந்ததால் போடவில்லை. கட்டம் போட்டு ‘கல்’ என்று குறித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன்.

இரண்டரை மாதம் கழித்து அந்த இடத்தில் ஒரு மீன்பிடிப் படகு வலை இழுத்தது. படகில் ஒரு அப்பாவும் இரண்டு மகன்களும் இருந்தார்கள். கரைக்குத் திரும்பியது பலகைகள் மட்டும்தான்.

வெளிநாட்டுக் கம்பெனி பழைய படத்தைத் தோண்டி எடுத்தது. குறித்தவர் தையல்நாயகி, குறித்தது கல். ஸ்டெபின் சார் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். மறுநாள் அவள் ஒரு பிளாஸ்டிக் உறையில் அந்த மனை விற்ற பத்திரத்தின் நகலைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். அவளுடைய போட்டோ, கைரேகை, பதிவு ஆபீசில் ஆஜரான நேரம், எல்லாம் அதில் இருந்தது. கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. நாங்கள் எட்டுப் பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"நான் தப்பே பண்ணலன்னு சொல்ல வரல சார்" என்றாள் அக்கா. "பாஸ்வேர்டு குட்த்தது தப்பு. ஆனா என் பேர்ல ஒம்பது பேரு பாத்தோம். அத்த அவங்களாண்ட சொல்லுங்க. மொத்தத்தையும் திரும்பப் பாக்கட்டும். அங்க ஜனங்க வலை வுட்டுகினு கீறாங்க சார்."

"மொத்தத்தையும் திரும்பப் பாக்கறதுன்னா ஒன்பது மாச வேலை அக்கா. கான்ட்ராக்டே போயிடும். வெளிய உக்காந்திருக்கறவங்களுக்கெல்லாம் வீட்டு லோன் இருக்கு. உங்களுக்கு என்ன, வாடகை வருது."

இதைக் கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் கூசவில்லை. நியாயம்தானே என்று நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்பதை எழுதும்போதே எனக்கு என்மேல் காறித் துப்ப வேண்டும் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அந்தக் கம்பெனியிலிருந்து விசாரிக்கும் அம்மாள் வீடியோவில் வந்தாள். அக்கா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், திக்கித் திக்கி, ஆனால் தெளிவாக எல்லாவற்றையும் சொன்னாள். பத்திரத்தைக் காமிரா முன்னால் பிடித்துக் காட்டினாள். அது முழுக்கத் தமிழில் இருந்தது. அந்த அம்மாள் ஸ்டெபின் சாரைப் பார்த்தாள். "நில விற்பனைப் பத்திரம். ஆனால் அன்று அவர் ஆபீஸ் லேப்டாப்பை எடுத்துப்போயிருந்தார்" என்று சார் கூசாமல் சொன்னார். அக்காவுக்கு லேப்டாப்பே கொடுக்கப்படவில்லை.

பிறகு அந்த அம்மாள் எங்களை ஒவ்வொருவராகக் கேட்டாள். இவருடைய ஐடியை நீங்கள் எப்போதாவது பயன்படுத்தியதுண்டா? முதல் ஆள் இல்லை என்றான். இரண்டாவது ஆள் இல்லை என்றாள். நான் ஏழாவது. கூட்டத்தோடு கோவிந்தா போட்டேன். அக்கா எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பத்திரத்தை உறைக்குள் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

தனி ஒருவரின் கவனக்குறைவு, அவர் நீக்கப்பட்டார், மற்ற பகுதிகள் பாதுகாப்பானவை என்று அறிக்கை வந்தது. கடலை மறுபடி திறந்தார்கள். அடுத்த தேர்வில் நான் தேறினேன். ஸ்டெபின் சார் எல்லோருக்கும் ஸ்வீட் கொடுத்தார். இப்போது என் பெயரில் ஒரு ஐடி இருக்கிறது.

போன மாதம் மேற்கு தாம்பரம் சண்முகம் ரோட்டில் அக்காவைப் பார்த்தேன். திரும்பி நடந்துவிடலாம் என்று நினைப்பதற்குள், "ரோஹிணி" என்று கூப்பிட்டுவிட்டாள். கையில் காய்கறிப் பை. கொஞ்சம் இளைத்திருந்தாள். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனேன்னு அவரு சொல்லிகினே கீறாரு. சொந்தக்காரங்க வந்தா, மூணு உசுரு போச்சாமே உன்னாலன்னு விசாரிக்கிறாங்கோ" என்றாள். பிறகு, காய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். "அது நீதான்னு எனக்குத் தெரியும். நீ போடுற கட்டம் எப்பவும் தேவைக்கு மேல பெருசா கீது. அந்தப் படத்தக் காட்டினப்பவே கண்டுபுட்ச்சிட்டேன்."

"ஏன்க்கா சொல்லலை?" என்றேன்.

"சொல்லி இன்னா? எனக்குப் பதிலா உன்ன அனுப்பியிருப்பானுங்க. அப்பவும் கடலத் திரும்பப் பாக்க மாட்டானுங்க. எனக்குத் திரும்பப் பாக்கறதுதானே வேணும்." பையைக் கை மாற்றிக்கொண்டாள். "அன்னிக்கு நீ எத்தினி படம் பாத்தே?"

"சந்தேகம்னு போட்டது போக நூத்திப் பத்து இருக்கும்."

"உன்னாண்ட இப்ப ஐடி கீதே. மீதி நூத்தி ஒம்பதையும் தொறந்து பாத்தியா?"

பழைய படத்தைத் திறந்தால் திறந்தவர் பெயரும் நேரமும் பதிவாகும். ஏன் திறந்தாய் என்று கேட்பார்கள். இந்த ஐந்து மாதத்தில் எத்தனையோ தடவை அந்தத் தேதிவரை போய், திறக்காமல் திரும்பியிருக்கிறேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பார்த்துட்டேன்க்கா" என்றேன். "எல்லாம் கல்லுதான்."

அவள் பையைத் தரையில் வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. "அது போதும்மா. வேலை போனது, பேர் போனது எல்லாம் போவட்டும். கண்ண மூடுனா அந்த நூத்தி ஒம்பதுதான் வந்துகினு இருந்துது. நீ பாத்துட்டேன்னா சரி, இன்னிக்கித் தூங்குவேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.