பொத்தான் டப்பாவில் மாத்திரை

நூலைப் பல்லுக்குக் கொண்டுபோகிறார். பாதி வழியிலேயே கை நின்றுவிடுகிறது. ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது இது நடக்கும். துணிக்குக் கத்தரி, நூலுக்குப் பல் என்று முப்பது வருடம் பழகிய தையல்காரர். இப்போது கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. ஈறு வீங்கி, பல் தேய்த்தாலே ரத்தம்.

பல் டாக்டரம்மா இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் படிந்த காரையைச் சுத்தம் செய்ய நான்கு தடவை வரவேண்டும். கூடவே வைட்டமின் சி, மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடலாம். இவர் காதில் விழுந்தது இரண்டாவது மட்டும். நாளெல்லாம் ஊசியோடு குடித்தனம் நடத்துகிறவருக்குத் தன் ஈறில் ஊசி என்றால் உதறல்.

மாத்திரையில் மட்டும் குறை வைக்கவில்லை. பொத்தான் டப்பாவில் ஏழு அறைகளைக் காலி செய்து, கிழமைவாரியாகப் போட்டுவைத்தார்.

"மாத்திரை உள்ள போகுதுல்ல, பல்லு தானா கெட்டியாயிடும். நீ சும்மா இரு."

"பட்டனைத் தைக்காம பையில போட்டு வெச்சா சட்டை மூடிக்குமா?" என்றாள் மனைவி. அவர் மெஷினை மிதித்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, மென்று தின்னும் ஆரஞ்சு மாத்திரை என்று எடுத்து வாயில் போட்டது, பக்கத்து அறையிலிருந்து தாவி வந்த குழந்தைக் கவுன் பொத்தான். கடக்! அம்மாடி, உயிர் போய் உயிர் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டவருக்குக் கண் கலங்கிவிட்டது. "போயிடுச்சா பாரு," என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"இருக்கு. இன்னும் இருக்கு. கெளம்புங்க மொதல்ல," என்று கையோடு இழுத்துப்போனாள்.

"மாத்திரையெல்லாம் கூடமாட ஒத்தாசைக்குத்தான். வேலையை நான்தானே செய்யணும்?" என்று டாக்டரம்மா சிரித்தார். நான்கு தடவையும் மனைவியின் விரல்களை நசுக்கிப் பிடித்தபடிதான் வாயைத் திறந்தார். ரத்தம் நின்றது, ஆட்டமும் குறைந்தது. பல் தங்கிவிட்டது. ஆனால் இனி நூலைக் கடிக்கவே கூடாது.

அதற்காகவே அவள் ஒரு குட்டிக் கத்தரியை நாடாவில் கோத்து அவர் கழுத்தில் மாட்டியிருக்கிறாள். அது நாள் முழுக்க நெஞ்சில்தான் தொங்குகிறது. ஆனாலும் ஒவ்வொரு சட்டையின் கடைசித் தையல் முடிந்ததும், நூலை இழுத்துப் பிடித்தபடி உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

"இங்க கொஞ்சம் வாயேன்."

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, அவர் நெஞ்சிலிருந்து கத்தரியை எடுத்து அவள் வெட்டும்வரை, அந்த நூலை அவர் விடுவதில்லை.