மேலும் கீழும் கறுப்புப் பட்டை

சின்ன வயதில் என்னிடம் யாராவது "இது தப்பு" என்று சொல்லிவிட்டால் போதும், அன்று முழுவதும் வாயைத் திறக்க மாட்டேன். தட்டின் முன்னால் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பேன். வீட்டில் எல்லோருக்கும் அது வேடிக்கை. மாமா மட்டும்தான் அதை மனதில் வைத்துக்கொண்டு என்னிடம் பார்த்துப் பேசுவார். என்னிடம் அவர் ஒரு பொய் சொன்னதும் அதனால்தான்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. இருங்காட்டுக்கோட்டையில் கார் சாமான் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலை. பென்னலூரில் எங்களோடுதான் இருந்தார். சித்தியும் எங்களோடுதான். அம்மாவுக்குத் தங்கை, மாமாவுக்கு அக்கா. கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே புருஷனை இழந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். அம்மா கம்பெனி கேண்டீன் வேலைக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவாள் என்பதால் என் அக்காவை வளர்த்தது சித்திதான். பெரியவளான பிறகும் அக்கா வேறு யாரையும் தலை பின்ன விட்டதில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்களில் சித்தி குவைத்துக்கு ஒரு வீட்டு வேலைக்குப் போக முடிவு செய்தாள். போய்விட்டால் வருஷக்கணக்கில் திரும்ப முடியாது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பெரியவள் கல்யாணத்தை அங்கேயும் பார்க்க வேண்டும்.

மாமா சென்னை ரிச்சி தெருவுக்குப் போய், உள்ளங்கை அளவில் வீடியோ ஓடும் ஒரு எம்.பி.ஃபோர் பிளேயர் வாங்கி வந்தார்.

"இந்தாக்கா, மண்டபத்தையே முந்தானில முடிஞ்சிகினு போ" என்றார்.

"பொண்ணு மாப்ள தெரிவாங்களாடா, இல்ல எறும்பு மாதிரி கீவாங்களா?" என்று சித்தி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

கல்யாண சி.டி.யை அப்படியே அதில் போட முடியாது. மாமாவின் பழைய கம்ப்யூட்டரில், டப்பாவோடு வந்த மென்பொருளைப் போட்டு, படத்தை அந்தப் பிளேயருக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டரைத் தொட்டிருந்ததால் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய பெரிய காரியம் அது.

திரையில் வரிசையாகக் கேள்விகள் வந்தன. படம் எவ்வளவு தெளிவாக வேண்டும், ஒரு நொடிக்கு எத்தனை படம் ஓட வேண்டும் என்று ஒவ்வொன்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். தெளிவைக் கூட்டினால் பிளேயரில் இடம் பத்தவில்லை. குறைத்தால் முகமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. ஓட்டத்தைக் குறைத்துப் பார்த்தேன். ஐயர் ஓமத்தில் நெய்யை விட்டு விட்டு ஊற்றினார்.

ஒரு வழியாக நடுவாந்திரமாக வைத்து மாற்றினேன். அதில் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக வந்தார்கள். வீடியோக்காரர் சினிமா மாதிரி அகலமாக எடுத்திருந்தார். பிளேயரின் திரையோ ஏறக்குறையச் சதுரம். அகலத்தை அதற்குள் நசுக்கியதால் வந்த வினை.

"இன்னாடி இது, மாப்ள முருங்கக்கா மாதிரி கீறாரு? பந்தியில அவரு துன்னத நான் பாத்தேனே!" என்று மாமா சிரித்தார்.

"நம்ம பொண்ணு மட்டும் இன்னா, தென்ன மரமாட்டம் நிக்கிறா" என்றாள் சித்தி.

அவர்கள் படத்தைப் பார்த்துத்தான் சிரித்தார்கள் என்பதால் எனக்குக் கோபம் வரவில்லை. மறுபடி தேடியதில் இரண்டு வழிகள் கிடைத்தன. ஒன்றில் முழுப் படமும் வரும், ஆனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்து படம் சிறுத்துவிடும். இன்னொன்றில் திரை நிறையப் படம் வரும், இரண்டு ஓரமும் வெட்டுப்படும். ஓரத்தில் என்ன இருக்கப் போகிறது, மண்டபத் தூணும் மின்விசிறியும்தானே என்று நினைத்தேன். திரையை நிரப்பும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். அக்காவின் முகம் பளிச்சென்று, நகத்தளவு பெரிதாக வந்தது.

சித்தி கிளம்பும் நாள் காலையில், ஷிப்டு முடிந்து வந்த மாமாவிடம் முதலில் காட்டினேன்.

"சூப்பரா கீதுடி" என்றார். தாலி கட்டும் இடம் வந்ததும் படத்தை நிறுத்தினார். பின்னால் தள்ளி மறுபடி பார்த்தார். இன்னும் ஒரு தடவை பார்த்தார்.

"கறுப்புப் பட்ட வர்ற மாதிரி ஒண்ணு சொன்னியே, அதுல போடேன்."

"அது நல்லா இல்ல மாமா. எல்லாரும் சின்னதாப் பூடுவாங்க."

"போனா இன்னா? கறுப்பு எவ்ளோ கீதோ அவ்ளோ சார்ஜ் மிச்சம். எங்க சூப்பர்வைசரே சொன்னாரு. போற எடத்துல சார்ஜ் நின்னுபூட்டா உங்க சித்தி இன்னா பண்ணுவா, சொல்லு?"

சூப்பர்வைசரே சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மறுபடி மாற்றத் தொடங்கினேன். பாதியில் கரண்ட் போனது. வந்ததும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. விமான நிலையத்துக்கு மத்தியானமே வண்டி வந்துவிடும். மாமா தூங்கப் போகாமல் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, திரையில் ஏறும் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏறுதும்மா, ஏறுது, நீ டென்ஷனாவாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

கறுப்புப் பட்டையால் சார்ஜ் மிச்சமாகும் என்று நான் வெகு காலம் நம்பினேன். ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த பிறகு அசெம்பிளி லைனில் கூட இருந்த பெண்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அந்த மாதிரிப் பிளேயரில் கறுப்புக்குப் பின்னாலும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், சார்ஜ் மிச்சமாகாது என்று பிறகு யாரோ சொல்லிச் சிரித்தார்கள். அப்போதும் மாமா தெரியாமல் சொல்லியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

போன வருஷம் என் மகள் பெரியம்மா கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். பழைய சி.டி.யைத் தேடி எடுத்துப் பெரிய டி.வி.யில் போட்டோம். தாலி ஏறும் நேரத்தில் அக்கா குனிந்த தலையைச் சற்றே நிமிர்த்தி இடது பக்கம் பார்க்கிறாள். அங்கே, படத்தின் இடது ஓரக் கடைசியில், தூணை ஒட்டி சித்தி நிற்கிறாள். அன்று அவளை மேடைக்கு வராதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வைக்காமல் அவளாகவே தள்ளி நின்றுகொண்டாள். கையில் அட்சதை. அங்கிருந்து வீசினால் எட்டாது. அக்காவைப் பார்த்துக்கொண்டே கையைக் கொஞ்சம் தூக்கி, தன் காலடியிலேயே உதிர்க்கிறாள். கல்யாணம் முழுவதிலும் அவர்கள் இருவரும் ஒரே படத்தில் இருப்பது அந்த ஓர் இடத்தில்தான். நான் முதலில் ஓரம் வெட்டித் தயாரித்த படத்தில் அக்கா பார்த்த இடமே இல்லாமல் இருந்திருக்கிறது.

மாமா அதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நான் எத்தனை நாள் பேசாமல் இருந்திருப்பேனோ. சித்தியின் காதில் விழுந்திருந்தால், "உடுடா, கொயந்த ஆசையா செஞ்சிது, இதுவே போதும்" என்று அதையே எடுத்துக்கொண்டு போயிருப்பாள். இருவரையும் நோகவிடாமல் அவர் காரியத்தை முடித்துவிட்டார். போன வருஷம் அதை நினைத்து அவருக்கு ஃபோன் செய்தேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அன்று வண்டி வருவதற்குச் சற்று முன்புதான் வேலை முடிந்தது. சித்தி புதுப் புடவையில் பெட்டியின் மேல் உட்கார்ந்து பிளேயரை வாங்கிக்கொண்டாள். ஒரு இயர்போனைத் தன் காதிலும் இன்னொன்றை என் காதிலும் வைத்தாள். கெட்டிமேளம் கேட்டதும் படத்தை நிறுத்தினாள்.

"சித்தி, ரொம்பச் சின்னதா கீதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் தெரியுதுடி" என்றாள்.

பிறகு முந்தானை நுனியால் திரையின் இடது ஓரத்தை மெதுவாகத் துடைத்தாள். மறுபடியும் அதே இடத்தையே துடைத்தாள். அங்கே தூசி எதுவும் இல்லை, புதுக் கண்ணாடி, கீறல் விழுந்துவிடும் என்று சொல்லி நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.