ஜன்னலில் கம்பி கேட்டவள்

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் திரௌபதியிடம் அடி வாங்காத ஆள் கம்மி. பையால் அடித்திருக்கிறாள், செருப்பால் அடித்திருக்கிறாள். ஒருத்தன் புறங்கையை அவள் கடித்ததில், அவன் ஊசி போட்டுக்கொள்ள ஓடியிருக்கிறான். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸின் கண்டக்டர் சின்னசாமி, அவள் தூரத்தில் வருவதைப் பார்த்தாலே விசிலை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார். "பொம்பளையா அது, பிசாசு" என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர். சொன்னவர்களில் ஒருத்தருக்காவது அவள் புருஷன் மண்ணாங்கட்டியின் நிலைமை தெரியுமா? தெரியாமல் பேச நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்!

மண்ணாங்கட்டிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. ஒரு காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டையை ஒண்டியாகத் தூக்கி வண்டியில் போட்ட மனுஷன். இப்போது வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்கு வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு போக வேண்டும். அதற்காக இடது கையில் ரத்தக் குழாய்களை ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்திருந்தார்கள். தொட்டுப் பார்த்தால் உள்ளே உர்ரென்று ஓடுவது விரலுக்குத் தெரியும்.

"இந்தக் கையில அடியே படக்கூடாதும்மா. பட்டா ரத்தம் நிக்காது. உள்ள அடைச்சிக்கிச்சின்னா ஊசி குத்த வேற இடம் தேடணும்" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

காலையில் வருவதில் கஷ்டமில்லை. மெஷினை விட்டு எழுந்து ஊர் திரும்பும்போது மண்ணாங்கட்டிக்குக் கால் துவண்டுவிடும். நின்றால் விழுவார். விழுந்தால் கையைத்தான் ஊன்றுவார். அதனால் திரௌபதிக்கு ஒரு சீட்டு வேண்டும். இந்த உலகத்தில் வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம்.

சீட்டுப் பிடிப்பது எப்படி என்று நம் ஜனங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பஸ் உள்ளே திரும்பும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டோ பையோ எறிய வேண்டியதுதான். விழுந்த இடம் எறிந்தவருக்குச் சொந்தம். திரௌபதியும் எறிவாள். அவள் பையை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தவன், வாங்கிக் கட்டிக்கொண்டுதான் எழுந்திருப்பான்.

ஒரு நாள் அவள் அதிர்ஷ்டம், பஸ் காலியாக நின்றது. புருஷனை ஜன்னலோரம் உட்கார வைத்து அப்பாடா என்று மூச்சு விட்டாள். விட்ட மூச்சு உள்ளே போகவில்லை, அதற்குள் வெளியிலிருந்து எவனோ பக்கத்துச் சீட்டைக் குறிவைத்து ஒரு பையை எறிந்தான். உள்ளே எவர்சில்வர் டிபன் கேரியர். நேராக மண்ணாங்கட்டியின் இடது கையில் வந்து விழுந்தது. ஊசி குத்திய இடத்தில் போட்டிருந்த கட்டு பிய்ந்து, முன் சீட்டின் முதுகு வரைக்கும் ரத்தம் பீறிட்டது.

திரௌபதி முந்தானையைக் கிழித்துக் கையை இறுக்கிக் கட்டினாள். "அமுக்கிப் புடி" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அந்த டிபன் கேரியரோடு கீழே இறங்கினாள். முதல் அடியில் எறிந்தவனின் புருவம் பிளந்தது. அடுத்த அடியில் பல் போனது.

"எறிவியா? இனிமே எறிவியாடா?"

"நீயும்தான எறியற" என்றான் அவன், வாயெல்லாம் ரத்தத்தோடு. கேட்டது நியாயம்தான். அதற்கும் ஒரு அடி விழுந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். அடுத்த தடவை கேஸ் போட்டு உள்ளே தள்ளிவிடுவோம் என்று ஏட்டு சொல்லி அனுப்பினார். மண்ணாங்கட்டி ஆஸ்பத்திரியில் போட்ட புதுக் கட்டோடு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் பஸ் முதலாளி ராஜேந்திரன் அந்த ரூட்டுக்குப் புது பஸ் கட்ட ஏற்பாடு செய்தார். பஸ் பாடி வரைந்து கொடுக்கும் எழிலரசி என்ற பெண், ஏறி இறங்குகிற ஜனங்களைக் கேட்காமல் கோடு போட மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாள். வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தில் பலகையால் ஒரு பஸ்ஸையே செய்து வைத்து, அந்த ரூட்டில் வருகிறவர்களைக் கூப்பிட்டு ஏறச் சொன்னாள், உட்காரச் சொன்னாள். ஒருத்தர் படியைத் தாழ்த்தச் சொன்னார். ஒருத்தர் போன் சார்ஜ் போட இடம் கேட்டார். எல்லாவற்றையும் அவள் எழுதிக்கொண்டாள்.

திரௌபதி நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தாள். "படி கெடக்குதும்மா. ஜன்னலுக்குக் கம்பி போடு. கைக்குட்டை கூட உள்ள போவக்கூடாது."

"அப்புறம் நாங்க எப்படி சீட்டுப் புடிக்கிறது?" என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்.

திரௌபதி போய் அவர் சட்டைக் காலரைப் பிடித்தாள். "எம்புருசன் ரத்தம் கொட்டறதப் பாத்தியாய்யா நீ?"

நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். அதற்கு மேல் அந்த மண்டபத்தில் எவன் வாயைத் திறப்பான்? கம்பி எல்லோர் சம்மதத்தோடும் முடிவானது. மூலையில் உட்கார்ந்திருந்த மண்ணாங்கட்டியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புது பஸ் வந்தது. படி தாழ்வாக, சீட்டு மெத்தென்று, ஜன்னலில் நெருக்கமாகக் கம்பி. அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலம் முடித்த கூட்டம் வீடு திரும்ப முடியாமல் பஸ் ஸ்டாண்டில் நெரிந்துகொண்டிருந்தது. பஸ் எப்படி ஓடுகிறது பார்க்கலாம் என்று எழிலரசியும் வந்து நின்றிருந்தாள்.

பஸ் திரும்பியதும் திரௌபதி, மெஷினிலிருந்து எழுந்து வந்த புருஷனை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் ஓடிப் பையை ஓங்கினாள். எதிரே கம்பி. அவளைப் போலவே ஓங்கிய கைகள் அத்தனையும் ஒரு நொடி அப்படியே நின்றன. அப்புறம் அத்தனை பேரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள். இருந்தது ஒரே வாசல்.

அது என்ன சண்டை என்கிறீர்கள்! ஒரு கிழவியின் தலைக்கு மேல் இரண்டு பேர் ஏறிப் போனார்கள். சின்னசாமியின் விசில் கயிறு அவர் கழுத்தையே இறுக்கியது. எவனுடைய முட்டியோ திரௌபதியின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. அவள் அவன் காதைப் பிடித்துத் திருகி, தலையைக் கைப்பிடிக் கம்பியில் மோதினாள். இன்னொருத்தன் அவள் கொண்டையைப் பிடித்தான், அவன் விரலைக் கடித்தாள். ஒரு கால் படியில் ஏறிவிட்டது. இன்னும் ஒரு எட்டு. அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளைப் பிடித்து இழுத்தது. யாரென்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முழங்கையை முழு பலத்தோடு பின்னால் இடித்தாள்.

"ஐயோ!"

குரல் அவளுக்குத் தெரிந்தது. மண்ணாங்கட்டி இடது கையைப் பிடித்துக்கொண்டு மண்டி போட்டிருந்தார். விரல்களுக்கு இடையில் ரத்தம் குபுகுபுவென்று வந்து புது பஸ்ஸின் படியில் கொட்டியது.

கூட்டம் பட்டென்று விலகியது. உள்ளே சீட்டுப் பிடித்து உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்துவிட்டார்கள். "இங்க உக்கார வையும்மா, இங்க" என்று நாலைந்து குரல்கள் கேட்டன.

"இப்போ எழுந்துக்கறீங்களாடா? பாவிங்களா, இப்போ எழுந்துக்கறீங்களா?" என்று திரௌபதி கத்தினாள். எழிலரசி தன் துப்பட்டாவைச் சுருட்டி அந்தக் கையில் அழுத்திப் பிடித்து, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

ரத்தம் நின்றது, உயிர் தப்பியது. ஆனால் கையைத் தொட்டுப் பார்த்தால் அந்த உர்ரென்ற ஓட்டம் இல்லை. அடைத்துவிட்டது. அடுத்த தடவை கழுத்தில் குழாய் சொருகி மெஷினில் போட்டார்கள். திரௌபதி உதட்டு வீக்கம் வடியாமல் கட்டில் காலருகே உட்கார்ந்திருந்தாள்.

எழிலரசி தயங்கித் தயங்கிக் கட்டிலருகே வந்தாள். "வாசலப் பத்தி நான் யோசிச்சிருக்கணும் ஐயா. அன்னைக்கு உங்களக் கேக்கவும் இல்ல. நீங்க சொல்லுங்க, பஸ்ஸு எப்படி இருக்கணும்?"

"எனக்கு இன்னாம்மா வேணும். சீட்டுகூட வேணாம். இவ யாரையும் அடிக்காம ஏறினா போதும்."

திரௌபதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் யாருக்குய்யா அடிச்சேன்? எனக்கா?"

"எனக்குத்தாம்மே. நான் இல்லன்னு சொல்லல. அதனாலதான் பயமா கீது. தோளப் புடிச்சி இழுத்தது, போயிடலாம் வான்னு சொல்லத்தான்." குழாய் குத்திய கழுத்தைத் திருப்ப முடியாமல் அவர் கூரையைப் பார்த்துப் பேசினார். "உன்னப் போலீசு புடிச்சி உள்ள போட்டுட்டா, என்னிய யாரு இங்க இட்டாருவா?"

திரௌபதி தன் முழங்கையைப் பார்த்தாள். பிறகு ஓவென்று அழுதாள். வார்டில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், அவள் சட்டை செய்யவில்லை. அழுகை அடங்கியதும் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழிலரசியை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடிக்காம எப்படிம்மா ஏறுறது? நீ படிச்ச பொண்ணாச்சே, சொல்லிக் குடு."

எழிலரசி பையிலிருந்து நோட்டை எடுத்து, அந்தக் கேள்வியை அப்படியே எழுதிக்கொண்டாள்.